ஓடிஜியில் கேக் மேலே கருகுது, நடுவில் மாவா நிக்குது: கடற்கரை ஊர்க்காரங்க யாராவது வழி சொல்லுங்க

கீழக்கரை_அடுப்படி

எங்க ஓவன் 30 லிட்டர் ஓடிஜி (ஓவன், டோஸ்டர், கிரில் மூணும் சேர்ந்த மின்சார அடுப்பு). 1500 வாட், சூடாக்குற ராடு மேலே ரெண்டு, கீழே ரெண்டு, ஃபேன் கிடையாது. பிரச்சனை இதுதான்:

7 அங்குல டின்னில் வெனிலா கேக், 180 டிகிரி. அரை மணி நேரத்துக்குள்ள மேல்பக்கம் கூம்பி வெடிச்சு கருக்குது. குச்சி விட்டுப் பார்த்தா நடுவில் பச்சை மாவு. இதே கேக்கை ராத்திரி ஏழு மணிக்கு மேல வச்சா நேர்மாறு. ஒரு மணி நேரம் ஆனாலும் வெளுத்துப் போய் அமுங்கி நிக்குது.

பிஸ்கட் அன்னைக்கு மொறுமொறுன்னு இருக்கு, மறுநாள் நமுத்துடுது. மீனை முழுசா வச்சா வேகுது, ஆனா சுட்ட மீனா வரல, அவிச்ச மீன் மாதிரி தண்ணி விட்டு நிக்குது.

கருப்பட்டி போட்டு கேக் பண்ணணும், வட்டலாப்பமும் (முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்த புட்டிங்) ஓவனில் வைக்கணும்னு ஆசை. அளவும் சூடும் தெரிஞ்சவங்க சொல்லுங்க. நெட்டில் இருக்கிற குறிப்பெல்லாம் குளிர் ஊருக்கு எழுதின மாதிரியே இருக்கு.

ராம்நாடு_பேக்கரி_மாஸ்டர்

கேக் குறிப்பைத் தொடாதீங்க. முதல்ல ஓவனோட உண்மையான சூடு என்னன்னு கண்டுபிடிங்க. சூடு வைக்கிற திருகியில் 180ன்னு இருக்கிறது கம்பெனிக்காரன் அச்சடிச்ச எண்தான். வீட்டு ஓவனில் அது 20, 30 டிகிரி தள்ளி நிக்கிறது சாதாரணம்.

ஓவனுக்குள்ள வைக்கிற சின்ன தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிடுங்க. விலை அதிகமில்ல, ஒரு நல்ல டின் வாங்குற காசுக்குள்ள வந்துடும். அது வர்ற வரைக்கும் சீனியை வச்சுப் பார்க்கலாம். சீனி உருகுறது சுமார் 186 டிகிரியில். அலுமினியத் தாளில் சின்னக் கிண்ணம் மடிச்சு ஒரு டீஸ்பூன் சீனி போட்டு, நல்லா சூடேறின ஓவனில் நடுத் தட்டில் 15 நிமிஷம் வைங்க. திருகி 180ல் இருக்கும்போது சீனி அப்படியே வெள்ளையா கிடக்கணும், 190ல் உருகணும். 180லேயே உருகிட்டா உங்க ஓவன் சொல்றதை விட அதிகமா சுடுது. 200 வச்சும் உருகலைன்னா குறைவு. உருகினா 10 டிகிரி இறக்கி, உருகலைன்னா 10 டிகிரி ஏத்தி, ஒவ்வொரு தடவையும் புதுச் சீனி போட்டுப் பாருங்க. எந்த எண்ணில் உருக ஆரம்பிக்குதுன்னு பிடிபட்டா வித்தியாசம் எவ்வளவுன்னு கிடைச்சிடும். ஒரு நாள் மதியம் கரண்ட் நல்லா இருக்கிற நேரத்தில் இதை முடிச்சிடுங்க.

அடுத்தது முன்சூடு. ராடு எரியுறதைக் காட்டுற விளக்கு அணைஞ்சதும் மாவை உள்ள வைக்கிறது பெரும்பாலானவங்க பண்றது. விளக்கு அணையுறப்போ காத்துதான் சூடாகியிருக்கும், சுவரும் தட்டும் இன்னும் ஏறியிருக்காது. கதவைத் திறந்ததும் அந்தக் காத்து வெளியே போயிடும். இழந்த சூட்டைப் பிடிக்க ராடு ரொம்ப நேரம் தொடர்ந்து எரியும், மேல் ராடு நேரடியா கேக் தலையில் அடிக்கும். கருகுறதுக்குப் பாதிக் காரணம் இதுதான். விளக்கு அணைஞ்சு, மறுபடி எரிஞ்சு, மறுபடி அணையுறதை ரெண்டு தடவை பார்த்துட்டு வைங்க. மொத்தம் 20 நிமிஷம் ஆகும்.

கூம்பி வெடிக்கிறது ஏன்னா, உள்ளே மாவு எழும்புறதுக்கு முன்னாடியே மேலே ஓடு கட்டிடுது. பிறகு உள்ளே உப்புற ஆவி அந்த ஓட்டைக் கிழிச்சுக்கிட்டு வெளியே வருது. கம்பித் தட்டை நடுவுக்கு ஒரு படி கீழே வைங்க. தட்டு நடுவில் இருந்தா கேக்கோட தலை மேல் ராடு பக்கம் போயிடும். கேக்கோட நடுதான் ஓவனோட நடுவில் வரணும். டின்னுக்கும் சுவருக்கும் எல்லாப் பக்கமும் ரெண்டு அங்குலமாவது இடைவெளி வேணும். உங்க ஓவனுக்கு 8 அங்குல டின்தான் உச்சம். கறுப்பு நான்ஸ்டிக் டின் ஓரத்தைச் சீக்கிரம் சிவக்க வச்சிடும், வெள்ளை அலுமினிய டின்தான் கேக்குக்கு நல்லது. கண்ணாடிப் பாத்திரமா இருந்தா 15 டிகிரி குறைங்க.

டின்னில் மாவு பாதிக்கு மேல கொஞ்சம் போகலாம், மூணில் ரெண்டு பங்கைத் தாண்டக் கூடாது. முதல் 25 நிமிஷம் கதவைத் திறக்கவே கூடாது. அதுக்கப்புறமும் மேலே சிவக்கிற வேகம் அதிகமா இருந்தா அலுமினியத் தாளைக் கூடாரம் மாதிரி மடிச்சு, கேக்கில் ஒட்டாம போர்த்துங்க. பளபளப்பு உள்ளேயா வெளியேயான்னு குழம்ப வேணாம், ரெண்டும் ஒண்ணுதான்.

மண்டபம்_வயர்மேன்

ராத்திரி கேக் வேகாததுக்குக் காரணம் வோல்டேஜ்.

1500 வாட்னு எழுதியிருக்கிறது 230 வோல்ட்டுக்கு. ராடு வெறும் கம்பிச் சுருள், வோல்டேஜ் குறைஞ்சா சூடு அதே விகிதத்தில் குறையாது, அதோட வர்க்கத்தில் குறையும். 190 வோல்ட் வந்தா உங்க 1500 வாட் ஓவன் சுமார் 1020 வாட்தான். 180க்கு இறங்கினா 920. மூணில் ஒரு பங்கு சூடு போயிடுச்சு. கதவைத் திறந்து மூடினா திரும்ப ஏற வெகு நேரம் ஆகும். தெருக்கோடி வீடுகளில், எல்லா வீட்டிலயும் ஏசி ஓடுற நேரத்தில், இது நடக்கும். பிளக்கில் சொருகிப் பார்க்கிற வோல்ட் மீட்டர் ஒண்ணு வச்சுக்கிட்டா சந்தேகம் தீர்ந்துடும். 210க்குக் கீழே காட்டினா கேக் வைக்காதீங்க, மதியத்துக்குத் தள்ளி வைங்க. ஸ்டெபிலைசர் போடுறதுன்னா 2 கேவிஏவுக்குக் குறையக் கூடாது, ஃபிரிட்ஜுக்கு வச்சிருக்கிற சின்னது தாங்காது. வீட்டு இன்வெர்ட்டரிலும் ஓவனைப் போடாதீங்க.

இந்த ஓவன் 6.5 ஆம்பியர் இழுக்கும். சின்ன 6 ஆம்பியர் பாயிண்ட்டில் மாத்துப் பின் போட்டுச் சொருகுறதை நிறைய வீட்டில் பார்க்கலாம், தயவு செஞ்சு வேணாம். 16 ஆம்பியர் பாயிண்ட், 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், சரியா வேலை செய்யுற எர்த். நம்ம பக்கம் உப்புக் காத்தில் பிளக் பின்னும் சாக்கெட் உள் தகடும் பச்சை பூத்து, பிடிமானம் விட்டுடும். பிடிமானம் விட்ட இடம் சூடாகும், கறுக்கும், உருகும். அரை மணி நேரம் ஓவன் ஓடினதும் மெயினை அணைச்சுட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்க. இளஞ்சூடு பரவாயில்ல. கையை வைக்க முடியலைன்னா சாக்கெட்டை மாத்துங்க. ஓவன் உடம்பைத் தொட்டா சுருக்குன்னு இழுத்தா அன்னைக்கே நிறுத்திட்டு எர்த்தைப் பார்க்கணும்.

கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில் ஜன்னலுக்கு நேரே ஓவனை வைக்க வேணாம். ஒத்தைத் தகடு, ஒத்தைக் கண்ணாடி, காத்துப் பட்ட பக்கம் சூடு தங்காது. அதுக்காகச் சுவரோட ஒட்டியும் வைக்கக் கூடாது, பின்னாடி நாலு அங்குலம் விடுங்க.

கீழக்கரை_அடுப்படி

சீனி வச்சுப் பார்த்தாச்சு. 180ல் முழுசா உருகி பழுப்பாயிடுச்சு. 170லயும் உருகுது. 160ல் உருகல. பிளக் பாயிண்ட் பெரியதுதான், ஆனா பின் கறுத்திருக்கு. மாத்தச் சொல்லியாச்சு வயர்மேன் காக்கா (அண்ணே).

ராம்நாடு_பேக்கரி_மாஸ்டர்

அப்போ கணக்கு நேரா வந்துடுச்சு. சுமார் 20 டிகிரி கூடுதலா சுடுது. கேக்குக்கு உண்மையான 170 வேணும்னா திருகியை 150ல் வைங்க. 180ன்னு போட்டிருந்த குறிப்பெல்லாம் உங்க வீட்டில் 200ல் வெந்திருக்கு. ஒரு துண்டுத் தாளில் "20 குறை"ன்னு எழுதி ஓவன் பக்கத்தில் ஒட்டிடுங்க. இனிமே இங்க யார் சொல்ற எண்ணும் உண்மைச் சூடுன்னு வச்சுக்கிட்டு நீங்க கழிச்சுக்குங்க.

இன்னொண்ணு, டைமர். சாவி கொடுக்கிற மாதிரி திருகுற டைமர் பத்து நிமிஷத்துக்குக் குறைவா வைக்கும்போது சரியா ஓடாது. 20 வரைக்கும் திருகிட்டு, பிறகு வேண்டிய எண்ணுக்குத் திருப்பிக் கொண்டு வாங்க. பிஸ்கட்டுக்கு இது முக்கியம், ரெண்டு நிமிஷத்தில் கெட்டுப் போற பண்டம் அது.

பெரியபட்டினம்_லாத்தா

கருப்பட்டி கேக் 7 அங்குல டின்னுக்கு: மைதா 180 கிராம், கருப்பட்டி 180 கிராம், தண்ணி 60 மில்லி, கெட்டித் தயிர் 80 கிராம், முட்டை 2, வாசமில்லாத எண்ணெய் 90 மில்லி, பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், சுக்குப் பொடி அரை டீஸ்பூன்.

கருப்பட்டியைத் தட்டித் தண்ணி விட்டுக் கரையுற வரைக்கும் மட்டும் சூடாக்குங்க, பாகு காய்ச்ச வேணாம். மெல்லிசுத் துணியில் வடிகட்டணும். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி நல்லா இருக்கும், ஆனா எந்தக் கருப்பட்டியிலும் அடியில் மண் தங்கும். கடைசி ஒரு ஸ்பூனைப் பாத்திரத்தோட விட்டுடுங்க. அந்த ஒரு ஸ்பூன் மண்ணு முழுக் கேக்கையும் நறநறன்னு ஆக்கிடும். கரைசல் நல்லா ஆறணும்.

தயிரை விடாதீங்க. வெல்லம், கருப்பட்டி எல்லாம் புளிப்புத்தன்மை உள்ளது, சோடாவுக்கு அதுவே போதும்னு சில குறிப்பில் போட்டிருப்பாங்க. பதநீர் புளிக்காம இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தான் இறக்குறாங்க, அதனால கருப்பட்டியை நம்பி சோடா போட முடியாது. தயிர் இல்லைன்னா சோடா வேலை செய்யாம கேக்கில் சோப்பு வாடை வரும்.

முட்டை, எண்ணெய், தயிர், கரைசல் எல்லாம் ஒண்ணாக் கலக்கி, சலிச்ச மாவை மூணு பங்கா சேருங்க. மாவு தெரியாம போனதும் கையை எடுத்துடணும். அதிகம் கலக்கினா மைதாவில் பசை ஏறி, வெந்ததுக்குள்ள நீளத் துளை விழும். உண்மைச் சூடு 165, நேரம் 40லிருந்து 45 நிமிஷம். சீனிக் கேக்கை விடச் சூடு குறைச்சலா வைக்கிறது ஏன்னா கருப்பட்டி சீக்கிரம் கறுக்கும். நிறத்தைப் பார்த்து வெந்துட்டதா நினைச்சுடக் கூடாது. குச்சியில் ஈர மாவு ஒட்டக் கூடாது, ஓரம் டின்னை விட்டு லேசா விலகணும், நடுவை விரலால் அழுத்தினா மேலெழும்பி வரணும். பத்து நிமிஷம் டின்னிலேயே விட்டுக் கவிழ்க்கணும். அதுக்கு மேல விட்டா அடி வேர்த்துப் போகும்.

வட்டலாப்பம் ஓவனில் தாராளமா வரும், இட்லிச் சட்டியை விட ஒழுங்கா வரும். முட்டை 6, கருப்பட்டி 200 கிராமை 50 மில்லி தண்ணியில் கரைச்சு வடிகட்டி ஆற வச்சது, கெட்டித் தேங்காய்ப்பால் 250 மில்லி, ஏலக்காய் 5, ஒரு சிட்டிகை உப்பு. முட்டையை நுரை வர்ற மாதிரி அடிக்கக் கூடாது. முள்கரண்டியால் வெள்ளைக்கரு இழை அறுற வரைக்கும் கலக்கி, எல்லாத்தையும் சேர்த்துத் துணியில் வடிகட்டி, மேலே நுரை இருந்தா ஸ்பூனால் எடுத்துடுங்க. அந்த நுரைதான் பிறகு ஓட்டையா தெரியும்.

ரெண்டு அங்குல உயரத்துக்கு மேல ஊத்தாதீங்க. பாத்திர வாயை அலுமினியத் தாளால் இறுக்கி மூடுங்க. ஆழமான டிரேயில் மடிச்ச துணி போட்டு, பாத்திரத்தை மேலே வச்சு, அதோட பாதி உயரத்துக்குக் கொதிச்ச தண்ணி விடுங்க. துணி எதுக்குன்னா, கீழ் ராடு சூடு அடியில் நேரா ஏறாம இருக்க. ஓரம் தண்ணிக்கு மேல தொங்கக் கூடாது, ராடில் பட்டா பத்திக்கும். சுத்தி இருக்கிற தண்ணி 100 டிகிரியைத் தாண்டாது, அதனால ஓரத்தில் முட்டை திரிஞ்சு போகாது. உண்மைச் சூடு 150, 50லிருந்து 60 நிமிஷம். பாத்திரத்தை லேசா ஆட்டினா ஓரம் நிக்கணும், நடுவில் ஒரு எலுமிச்சம்பழ அகலத்துக்கு மட்டும் தளதளன்னு ஆடணும். அந்தப் பக்குவத்தில் ஓவனை அணைச்சு, கதவை லேசா திறந்து வச்சு 15 நிமிஷம் விடுங்க, மிச்சம் தானே உறையும். நடுவும் கெட்டியாகுற வரைக்கும் வச்சா ஆறினதும் பஞ்சு மாதிரி ஓட்டை விழுந்து, தண்ணி பிரிஞ்சு நிக்கும். வெட்டுறதுக்கு முன்னாடி நாலு மணி நேரமாவது ஃபிரிட்ஜில் இருக்கணும்.

பாம்பன்_மீன்சட்டி

மீன் அவிஞ்சு போறது ஈரத்தால். மீன் மேலே தண்ணி இருக்கிற வரைக்கும் அங்க சூடு 100ஐத் தாண்டாது, தாண்டாம சிவக்காது.

விளமீனோ பாறை மீனோ, ஒரு கிலோ அளவு. ஐஸில் இருந்து எடுத்ததா இருந்தா முழுசா குளிர் விட்டுப் போகணும். ரெண்டு பக்கமும் மூணு கீறல், முள்ளு வரைக்கும் போகணும். ரெண்டு டீஸ்பூன் உப்பு தடவி 20 நிமிஷம் வைங்க, தண்ணி விடும். அந்தத் தண்ணியைப் பழைய பருத்தித் துணியால் ஒத்தி எடுத்துடணும், வயித்துக்குள்ளயும் துடைக்கணும். இந்த ஒரு வேலையை விட்டுட்டுத்தான் ஓவனைக் குறை சொல்றாங்க.

மசாலாவைத் தண்ணி விட்டு அரைக்க வேணாம். மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன், மல்லித்தூள் 1, மிளகுத்தூள் 1, மஞ்சள் அரை, இஞ்சி பூண்டு விழுது 1 டேபிள்ஸ்பூன், எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன். எண்ணெயில் குழைச்சுப் பூசுங்க. உப்பு ஏற்கெனவே ஏறியிருக்கும், மசாலாவில் மறுபடி போடாதீங்க. எலுமிச்சையோ புளியோ சேர்க்கிறதா இருந்தா அடுப்பில் ஏத்துறதுக்கு அரை மணிக்கு முன்னாடி போதும். ராத்திரி முழுக்க ஊறினா புளிப்பு சதையை வெளுக்க வச்சு, வெந்ததும் மாவா உதிரும்.

டிரேயில் நேரா படுக்கப் போடாதீங்க. கம்பித் தட்டில் மீன், அதுக்குக் கீழே சொட்டுப் பிடிக்க டிரே. 30 லிட்டரில் ஒரு கிலோ மீன் குறுக்கு மூலையாத்தான் அடங்கும். வால் சுவரைத் தொட்டா கருகும், தலையை வெட்டிடுறது உத்தமம். அலுமினியத் தாளில் பொட்டலம் கட்டினா அதுவும் அவிச்சதுதான். சுட்டது வேணும்னா திறந்தே வைங்க. உண்மைச் சூடு 220, நேரம் தடிமனான இடத்தில் ஒரு அங்குலத்துக்கு 10 நிமிஷம். ஒண்ணரை அங்குலம்னா 15 நிமிஷம். கடைசி 4, 5 நிமிஷம் தட்டை மேல் படிக்கு ஏத்தி, மேல் ராடை மட்டும் போடுங்க. முதுகு முள்ளு பக்கத்தில் கத்தி நுழைச்சா சதை வெள்ளையா விலகணும், கண்ணாடி மாதிரி இருந்தா இன்னும் ரெண்டு நிமிஷம்.

ராம்நாடு_பேக்கரி_மாஸ்டர்

பிஸ்கட் பத்தி யாரும் சொல்லல. கடற்கரைக் காத்தில் திறந்து ஆற வச்ச பிஸ்கட் ஒரு மணி நேரத்திலேயே ஈரம் இழுக்கும். கம்பித் தட்டில் ஆறட்டும், கைச்சூடு போனதும் உடனே இறுக்கமான டப்பா. சூட்டோட மூடினா உள்ளே வேர்க்கும், ஆறவிட்டு மறந்தாலும் நமுக்கும். நமுத்ததை 140 டிகிரியில் 6 நிமிஷம் வச்சு ஆறவிட்டா மொறுமொறுப்பு திரும்பும். ஒருவேளை முதல்லேயே நடு வேகாம எடுத்தீங்களான்னும் பாருங்க. உங்க ஓவன் 20 கூடச் சுட்டதால ஓரம் சிவந்ததும் எடுத்திருப்பீங்க, நடுவில் ஈரம் தங்கியிருக்கும். 160ல் நின்னு வேகட்டும்.

வெண்ணெய் நம்ம வெயிலில் 32 டிகிரிக்கு மேல உருகிடும். சீனியோட அடிச்சு நுரைக்க அது 20 டிகிரி பக்கத்தில் இருக்கணும். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்து விரல் பதியுற பக்குவத்தில் உடனே அடிங்க. பளபளன்னு எண்ணெய் விட்டா கிண்ணத்தோட பத்து நிமிஷம் ஃபிரிட்ஜில் வைங்க. பிசைஞ்ச பிஸ்கட் மாவும் அரை மணி நேரம் குளிரணும், இல்லைன்னா டிரேயில் பரவி ஓடிடும்.

பேக்கிங் பவுடர் டப்பாவைத் திறந்து வச்சா இந்த ஈரத்தில் செத்துடும். கால் கப் சுடுதண்ணியில் ஒரு டீஸ்பூன் போடுங்க, உடனே பொங்கலைன்னா தூக்கிப் போடுங்க.

பன், ரொட்டி பண்றதா இருந்தா கிணத்து உப்புத் தண்ணி வேணாம், காவிரித் தண்ணியோ கேன் தண்ணியோ எடுங்க. உப்புத் தண்ணி ஈஸ்ட்டை மந்தமாக்கும், மாவும் கரிக்கும். 300 கிராம் மைதாவுக்கு இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம் போதும், பிசையுற தண்ணி ஃபிரிட்ஜ் குளிர்ல இருக்கட்டும். குறிப்பில் "ஒண்ணரை மணி நேரம் பொங்க விடவும்"னு இருந்தா கடிகாரத்தைப் பார்க்காதீங்க. இங்க 40, 50 நிமிஷத்திலேயே ரெண்டு மடங்காகிடும். விட்டா புளிச்சு, ஓவனில் எழும்பாம அமுங்கும். விரலால் குத்தினா குழி மெதுவா பாதி மட்டும் மேலே வரணும், அதுதான் பதம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாவே ஈரமா இருக்கும், அப்போ தண்ணியில் ஒரு டேபிள்ஸ்பூன் நிறுத்தி வச்சு, தேவைன்னா மட்டும் சேருங்க.

கீழக்கரை_அடுப்படி

திருகியை 150ல் வச்சுப் பண்ணின வெனிலா கேக் தட்டையா, வெடிப்பில்லாம 42 நிமிஷத்தில் வெந்துடுச்சு. எல்லாருக்கும் நன்றி. ரெண்டே சந்தேகம். மீன் சுட்ட மறுநாள் கேக்கில் மீன் வாடை வருமா? கேக் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனா என்ன பண்றது?

பெரியபட்டினம்_லாத்தா

வாடை வரும், துடைக்காம விட்டா. ஓவன் இளஞ்சூட்டில் இருக்கும்போதே ஒரு கப் தண்ணியில் ஒரு டேபிள்ஸ்பூன் சமையல் சோடா கரைச்சுத் துணியில் நனைச்சுப் பிழிஞ்சு, சுவர், கதவுக் கண்ணாடி, கதவோட கீழ் ஓரம் எல்லாம் துடைங்க. கீழ் ஓரத்தில்தான் மீனெண்ணெய் தேங்கும். ராடில் ஈரத்துணி படக் கூடாது. பிறகு நல்ல தண்ணித் துணியால் ஒரு தடவை. அப்புறம் வெறும் ஓவனை 200ல் 15 நிமிஷம் ஓட விட்டு, கதவைத் திறந்து ஆறவிடுங்க. கம்பித் தட்டை வெளியே எடுத்துக் கழுவினா துடைச்சு, மிச்சச் சூட்டில் காய வச்சுத்தான் உள்ளே வைக்கணும். ஈரத்தோட வச்சா நம்ம ஊர்க் காத்துக்கு ஒரு மாசத்தில் துரு பூத்துடும். மூடி வைக்கப் பருத்தித் துணி போதும், பிளாஸ்டிக் உறை உள்ளே ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும்.

மண்டபம்_வயர்மேன்

கரண்ட் போனதும் கதவைத் திறக்காதீங்க. டைமரை அணைச்சு, பிளக் சுவிட்சையும் அணைங்க, திரும்ப வரும்போது வோல்டேஜ் எகிறும். கரண்ட் வந்து ரெண்டு நிமிஷம் நிலையா இருந்ததும் போடுங்க. பத்து நிமிஷத்துக்குள்ள வந்துட்டா, போன நேரத்தையும் அதுக்கு மேல ஒரு அஞ்சு நிமிஷத்தையும் கூட்டி வேக விட்டா போதும்.

ராம்நாடு_பேக்கரி_மாஸ்டர்

அதோட இதையும் சேர்த்துக்குங்க. 30 நிமிஷம் தாண்டி மேலே ஓடு கட்டினதுக்கு அப்புறம் போனா, அடிகனமான சட்டியில் ஒரு விரல் உயரத்துக்குக் கல்லுப்பு போட்டு, மேலே கம்பி வளையம் வச்சு, மூடி போட்டு கேஸில் பத்து நிமிஷம் காய வைங்க. அதுக்குள்ள கரண்ட் வரலைன்னா டின்னை ஆட்டாம அதுக்கு மாத்தி, மூடி, சின்னத் தீயில் முடிச்சிடலாம். மூடிக்கு உள்பக்கம் துணி கட்டிடுங்க, நுனியை மேலே தூக்கி முடிஞ்சுடணும், இல்லைன்னா ஆவி கேக் மேலே சொட்டும். முதல் 15 நிமிஷத்துக்குள்ள போய் நீண்ட நேரம் வரலைன்னா அந்த மாவு எழும்பாது. அதைத் தட்டையா வேக வச்சு, உதிர்த்து, பால் விட்டு புட்டிங் பண்ணிடுங்க.